வயிற்று உபாதைக்கும் ஒரு தேதி உண்டு

மகளிர் மருத்துவர் பதில்கள்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டிலிருந்து, ஒரே பொருளைத் தொட்டு ஐந்து கடிதங்கள் இருந்தன. ஐந்திலும் வயிற்றுத் தொந்தரவுதான் முன்னால் நின்றது. மாதவிலக்கு ஏதோ ஒரு வரியில், தயங்கித் தயங்கி எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரிதான் முக்கியம் என்று எனக்குப் பட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 28 வயது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாக எனக்கு வயிற்றுத் தொந்தரவு. சில நாள் வயிறு ஐந்து மாதக் கர்ப்பம்போல ஊதிவிடும்; பேண்ட் கொக்கி போட முடியாது. சில நாள் மலச்சிக்கல், சில நாள் நான்கைந்து தடவை போகும். மலம் கழிக்கும்போது உள்ளே கத்தியால் குத்துவதுபோல வலித்து வியர்த்துவிடும். 22 வயதில் குடல்வால் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள், அப்போதும் சரியாகவில்லை. இரண்டு இடங்களில் எண்டோஸ்கோபியும் கொலனோஸ்கோபியும் எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் நோய் என்று ஒருவர் சொன்னார். மனக்கவலைதான் காரணம் என்று இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். லீவு போடுவதற்குச் சாக்கு என்று வீட்டில் பேசுகிறார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. தூரம் வருகிற நாட்களில் இந்தத் தொந்தரவு அதிகம்தான். ஆனால் வயிற்று டாக்டரிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவரும் கேட்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒன்று இருப்பதாகக் கூட வேலை செய்யும் அக்கா சொன்னார். கர்ப்பப்பை நோய் குடலில் காட்டுமா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, காட்டும். கருப்பையைச் சார்ந்த ஒரு நோய், குடல் நோயைப் போலவே ஆண்டுக்கணக்கில் நடமாட முடியும். உங்களுக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஒருவரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது. இனியாவது தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையின் மீதோ, கருப்பையைத் தாங்கும் நார்களிலோ, சிறுநீர்ப்பையிலோ, குடலின் மீதோ படர்ந்து வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். வெளியே இருந்தாலும் அந்தத் திசு மாதவிலக்கை நடத்தும் அதே ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே அந்த நாட்களில் அங்கும் அழற்சியும் கசிவும் உண்டாகும். கருப்பையில் உதிர்வது வெளியேற வழி இருக்கிறது, இங்கே உதிர்வதற்கு வழி இல்லை. நாளாக ஆக அந்த இடம் தழும்பேறிக் கெட்டியாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் போவதால் இது உண்டாகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்பதற்குப் பரம்பரை, நோய் எதிர்ப்பாற்றல், ஹார்மோன் என்று பல காரணங்கள் சேர்கின்றன.

இனி உங்கள் குடலுக்கு வருகிறேன். கருப்பைக்கு நேர் பின்னால் இருப்பது மலக்குடல். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பெண் நிமிர்ந்து நிற்கும்போது வயிற்றறையின் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். இந்த நோய் விரும்பித் தங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு முடிச்சுப்போலத் திசு கெட்டிப்பட்டு, மலக்குடலின் முன்சுவரைக் கருப்பையின் பின்சுவரோடு இழுத்து ஒட்டிவிட்டால், மலம் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சு இழுபடும். நீங்கள் எழுதியிருக்கும் கத்திக் குத்து வலிக்கு அப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். அதே சமயம், குடலைத் தொடாமலேயே இந்த நோய் குடலைத் துன்புறுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள குடலை முறுக்கும், அந்தப் பகுதியின் நரம்புகள் கூர்மையாகிச் சாதாரண வாயுவைக்கூட வலியாக உணரவைக்கும், இடுப்புத்தளத் தசைகள் வலிக்குப் பயந்து இறுகியே இருந்து பழகிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் குடல் சுவரிலேயே நோய் பதிந்தவர்கள் சிறுபான்மையினர். வயிறு ஊதுவதும் மலச்சிக்கலும் போக்கும் குமட்டலும் உள்ளவர்கள் மிக அதிகம். எனவே வயிற்றுத் தொந்தரவு கடுமையாக இருக்கிறது என்பதாலேயே குடலில் நோய் ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

கொலனோஸ்கோபி நார்மல் என்றதை நம்பி எத்தனையோ பெண்கள் அத்துடன் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் ஷூ தைப்பவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஷூவுக்குள் கையை விட்டு லைனிங் வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேல்தோலில் பழுதே இல்லை என்று யாரும் சீட்டு ஒட்ட மாட்டார்கள். கொலனோஸ்கோபி குடலின் உள்லைனிங்கைப் பார்க்கிற பரிசோதனை. எண்டோமெட்ரியோசிஸ் குடலின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் தசை அடுக்குவரை ஊன்றுவது. உள்லைனிங்கைத் துளைத்து எட்டிப்பார்ப்பது அபூர்வம். உங்களுக்குப் பரிசோதனை செய்தவர்கள் பார்த்ததைச் சரியாகவே சொன்னார்கள். அந்தக் கருவியால் பார்க்க முடியாத இடம் ஒன்று மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிலும் சிறுமியரிலும் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆம்பூரில் உங்கள் தையல் பிரிவில் நூறு பெண்கள் இருந்தால், பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். இத்தனை பரவலாக இருந்தும், முதல் வலி தொடங்கிய நாளிலிருந்து நோயின் பெயர் தெரியவரும் நாள்வரை நான்கைந்து ஆண்டுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்வரை ஆகின்றன என்று வெவ்வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்லி வளர்ப்பது ஒரு காரணம். வயிற்றுக்கு ஒரு மருத்துவர், கருப்பைக்கு ஒரு மருத்துவர் என்று நாங்கள் உடலைப் பங்கு பிரித்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். என் அனுபவத்தில் அதுதான் பெரிய காரணம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை. நான் பணிக்கு வந்த தொடக்கத்தில், மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அது என் துறை அல்ல என்று எண்ணி அவரை வயிற்று மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி என் முன்னால் வந்து உட்கார நான்கு ஆண்டுகள் ஆயின. அப்போது ஒரு மஞ்சள் துணிப்பை நிறைய மருந்துச் சீட்டுகளும் ஸ்கேன் தாள்களும் கொண்டுவந்திருந்தார். அவற்றை மேஜைமீது தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரையும் சுருட்டி எடுத்துவந்தார். பண்டிகையும் கோயிலும் தவறிவிடக் கூடாது என்று அவருடைய மாமியார் மருமகளின் தூர நாட்களில் மஞ்சள் தொட்டுப் பொட்டு வைத்திருந்த காலண்டர் அது. அந்த ஆண்டு வயிற்று வலிக்கென்று ஒன்பது முறை மருத்துவரிடம் போயிருந்தார். ஒன்பதில் ஏழு சீட்டுகளின் தேதி, மஞ்சள் பொட்டுக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள்ளோ பொட்டின் மீதோ விழுந்தது. சீட்டு எழுதிய எங்களில் ஒருவருக்கும் அந்தக் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து வயிற்று வலி என்று வரும் எந்தப் பெண்ணிடமும் நான் முதலில் தேதியைத்தான் கேட்கிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். மூன்று மாதம் போதும். இரத்தப்போக்குத் தொடங்கிய நாள், வயிறு ஊதிய நாள், மலம் கழிக்கையில் வலித்த நாள், போக்கு, சிக்கல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழத்தில் வலி, வேலைக்குப் போக முடியாத நாள், இவற்றை ஒரு காலண்டரில் அன்றன்றைக்கே குறித்துவையுங்கள். தொந்தரவு மாதவிலக்கை ஒட்டி ஏறி இறங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சில பெண்களுக்கு நோய் முற்றியபின் வலி மாதம் முழுவதும் நீடிப்பதும் உண்டு. அதனால் மாதாந்தர ஒழுங்கு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இப்படி எழுதி நீட்டுங்கள்: “எனக்கு ஒன்பது வருடமாக வயிற்று வலி. மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது வலி அதிகமாகிறது. ஐந்து வருடமாகக் குழந்தை தங்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.” இந்த நான்கு வரிகளைப் படித்த எந்த மகளிர் மருத்துவரும் உங்களை வெறும் வாயு மாத்திரையோடு திருப்பி அனுப்ப முடியாது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னர், ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று குடும்பத்தார் மறுத்ததால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் உயிரிழந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். இன்று நம் பக்கத்தில் பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூச்சம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். ஐ.பி.எஸ். என்று சொன்னது தவறான பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே பெண்ணுக்குச் சேர்ந்தே இருப்பது சாதாரணம். இரண்டாவது, நம் நாட்டில் நாள்பட்ட வயிற்று வலி என்றால் காசநோயையும் மறக்கக் கூடாது. வயிற்றிலும் கருப்பை, கருக்குழாய்களிலும் வரும் காசநோய் இதே வலியையும் குழந்தையின்மையையும் தரும், சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை இரண்டிலுமே உயர்ந்து காட்டி மருத்துவரையே குழப்பும். உடல் இளைப்பு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். மலம் கறுத்துப் போனாலும், மாதவிலக்கோடு சம்பந்தமில்லாமல் மலத்தில் இரத்தம் வந்தாலும், வாந்தியோடு வயிறு உப்பி மலமும் காற்றும் நின்றுபோனாலும், நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று கடும் வலி எடுத்தாலும் காலண்டரை நிரப்பிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தை வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நோய்க்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளைச் சாப்பிடும் காலத்தில் பொதுவாகக் கரு தரிக்காது. ஆகவே உங்கள் சிகிச்சையின் வழியே வேறாக இருக்கும். உங்கள் கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளில் அது நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாதவிலக்கான முதல் இரண்டு நாளும் வாந்தி, ஐந்தாறு தடவை பேதி, சுருண்டு படுத்துவிடுகிறாள். மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, புள்ள பொறந்தா சரியாப் போயிடும்” என்கிறார் என் மாமியார். ஓமத் தண்ணீர் கொடுக்கிறேன். வலி மாத்திரை கொடுத்தால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.
— பீடி சுற்றும் தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, முதலில் பயத்தைப் போக்குகிறேன். மாதத்தில் இரண்டு நாள், சரியான அளவில் சாப்பிடும் வலி மாத்திரையால் கருப்பை கெடாது. மாதவிலக்கின்போது கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. கருப்பையைச் சுருக்கிப் பிழிவது அதன் வேலை. அதிகமாகச் சுரந்தால் பக்கத்திலிருக்கும் குடலையும் சேர்த்துப் பிழியும், அதனால்தான் பேதியும் குமட்டலும். மெஃபனமிக் அமிலம், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை. எனவே வலி உச்சத்துக்குப் போனபின் கொடுப்பதைவிட, வலியோ இரத்தப்போக்கோ தொடங்கும் நேரத்திலேயே, வெறும் வயிற்றில் இல்லாமல், ஏதாவது சாப்பிட்டபின் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். மகளுக்கு ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அளவையும் அவரே சொல்லட்டும். ஓமத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. பேதியாகும் நாளில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுங்கள்.

இந்த வயதில் இப்படி வலிக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு உள்ளே வேறு நோய் இருக்காது. ஆனாலும் மாத்திரையை முறையாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் மகள் பள்ளிக்கூடத்தைத் தவறவிடுகிறாள் என்றால், அல்லது மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் வலி தொடர்கிறது என்றால், மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் பதின்பருவத்திலேயே தொடங்கக்கூடியது. உங்கள் மாமியார் சொன்னதை நான் வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறேன். தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் பெண்ணுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே பாட்டிக்கு இருந்தது என்பது மகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கான செய்தி. நீங்களும் இப்படி வலித்தவரா என்பதை எழுதவில்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்றால் சரியாகும் என்று 16 வயதுப் பெண்ணிடம் சொல்வது, இன்னும் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள் என்று சொல்வதாகும். மேலும் பிரசவம் இந்த நோய்க்கு மருந்தும் அல்ல. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்கியிருந்து, பின்னால் மாதவிலக்கு திரும்பியதும் வலியும் திரும்பும்.

மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதினால், “கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா” என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அது மாதவிலக்கு வலிக்கும் மருந்துதான். நிறுத்தினால் சுழற்சி பழையபடி திரும்பிவிடும், பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைக் கெடுக்காது.

கேள்வி: வயிற்று ஸ்கேன் எடுத்தேன், கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் நார்மல் என்று வந்திருக்கிறது. அப்படியானால் எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகி, ஆற்காடு

பதில்: இருக்க முடியாது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன், சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இருந்தால் பெரும்பாலும் காட்டும். வயிற்றறைச் சவ்வின் மீது மெல்லியதாகப் படர்ந்த நோயைக் காட்டாது. பிறப்புறுப்பு வழியாக, இதில் பயிற்சி பெற்றவர் செய்யும் ஸ்கேனில் கருப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா, ஒட்டிக்கிடக்கின்றனவா என்பதையே பார்க்க முடியும். திருமணமாகாதவர்களுக்கு அந்த வழி பொருந்தாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எல்லாம் நார்மலாக வந்த பிறகும் நோய் இருக்கக்கூடும். முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே செலுத்தி, கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்போம். 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, அறிகுறிகள் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம், அது பலிக்காவிட்டாலோ வேறு தேவை இருந்தாலோ லேப்ராஸ்கோபிக்குப் போகலாம் என்கிறது. நான் இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன், கத்திக்குப் பயந்தே பெண்கள் காலம் கடத்தியதைப் பார்த்திருப்பதால்.

கேள்வி: லேப்ராஸ்கோபியில் எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியாகி மாத்திரை சாப்பிடுகிறேன். வயிறு ஊதுவது மட்டும் குறையவில்லை. எந்த உணவைத் தவிர்க்க வேண்டும்? வயிறு சுத்தமாக மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்கள்.
— வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: விளக்கெண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கும் குடலை அது மேலும் முறுக்கும். இந்த நோயைக் குணமாக்கும் உணவு என்று எதுவும் இல்லை, அப்படிச் சொல்லிப் பொடி விற்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஊதல் குறைய வழி உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், சில பருப்புகள் ஆகியவற்றிலுள்ள ஒருவகை மாவுச்சத்து குடலில் புளித்து வாயுவைப் பெருக்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறைப்படி இவற்றை நான்கு முதல் ஆறு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து அதை மட்டும் குறைப்பதுதான் அந்த வழி. இதை உணவியல் நிபுணரின் துணையோடு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைத்தால் உடம்பு இளைத்துப்போகும். களியும் கீரையும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இரண்டு வருடமாக மாதவிலக்கின்போது மட்டும் மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்து, ஆபரேஷன் இல்லாமல் மூலத்தைக் குணப்படுத்துவதாகச் சொன்ன ஓர் இடத்தில் ஆறு மாதம் மருந்து வாங்கினோம். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மலக்குடலில் 3 செ.மீ. அளவுக்கு எண்டோமெட்ரியோசிஸ் முடிச்சு இருப்பதாகச் சொல்கிறார்கள். குடலை வெட்ட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். இது புற்றுநோயா? வயிற்றில் பை வைத்துவிடுவார்களா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று உறவினர் சொல்கிறார்.
— வாசகர், காட்பாடி

பதில்: ஐயா, இது புற்றுநோய் அல்ல. குடலில் இருக்கும்போது நடத்தையில் சற்று முரட்டுத்தனம் காட்டும், ஆனால் வேறு நோய். மாதவிலக்கோடு மட்டுமே வரும் இரத்தம் என்று நீங்கள் தேதியைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவரின் காதுக்குப் போயிருந்தால் ஆறு மாத மூல மருந்து மிச்சமாகியிருக்கும். இப்படி வருவது மூலத்தில் வழக்கமில்லை. இருந்தாலும், எந்த இரத்தப்போக்காக இருந்தாலும் குடலை உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இன்னும் கொலனோஸ்கோபி செய்யவில்லை என்றால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

முடிச்சு இருக்கிறது என்பதாலேயே அறுவை சிகிச்சை உறுதியாகிவிடாது. குடல் வழி குறுகியிருக்கிறதா, மலம் தடைபடுகிறதா, மருந்துக்கு வலி கேட்கிறதா, இன்னொரு குழந்தை வேண்டுமா என்பவற்றை வைத்துத்தான் முடிவு. அடைப்பு இல்லை, இப்போது குழந்தை தேவையில்லை என்றால், டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுப் பார்ப்பது நியாயமான வழி. அது முடிச்சைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; அடக்கிவைக்கும். தொடக்க மாதங்களில் திட்டுத்திட்டாக இரத்தம் படுவதும், தலைவலியும், மனச்சோர்வும் சிலருக்கு வரும். சோர்வு அதிகமானால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்றானால் அதிலும் படிகள் உண்டு. குடலின் மேற்புறத்திலிருந்து முடிச்சை மட்டும் சீவி எடுக்கலாம். முடிச்சு இருக்கும் இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துத் தைக்கலாம். பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் குடலின் ஒரு துண்டை நீக்கி இரு முனைகளையும் இணைக்கலாம். வெட்டு பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும்: இணைத்த இடத்தில் கசிவு, மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை, சில காலம் சிறுநீர் கழிக்கச் சிரமம். பை வைப்பது எல்லாருக்கும் இல்லை. தாழ்வான இடத்தில் தையல் போட நேர்ந்தால், அது ஆறும்வரை பாதுகாப்புக்காகச் சில வாரங்களோ மாதங்களோ வைத்துப் பிறகு மூடிவிடுவார்கள், பெரும்பாலும் தற்காலிகமானதுதான்.

கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு மலக்குடல் முடிச்சை உள்ளேயே விட்டால், வலி அங்கேயே இருக்கும். உறவினரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கருப்பையின் சுவருக்குள்ளும் நோய் இருந்து, இனிக் குழந்தை வேண்டாம் என்று உங்கள் மனைவி முடிவு செய்திருந்தால் மட்டும் அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

மகளிர் மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் சேர்ந்து நின்று இந்தச் சிகிச்சையைச் செய்யும் இடமாகப் பாருங்கள். இவ்வகை அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள், எங்களுக்கு எந்தப் படி தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள், பை வைக்க எவ்வளவு வாய்ப்பு, மறுபடி வராமலிருக்க அறுவைக்குப் பின் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள்.

கடிதம் முழுவதும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பது ஒரு வரியிலும் இல்லை. அடுத்த முறை போகும்போது எம்.ஆர்.ஐ. தாளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் அவர் கையிலேயே கொடுங்கள். எந்த நாளில் எங்கே வலிக்கிறது என்பதை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.